அலுமாரி இடிக்குது, கதவு திறக்குதில்லை: ஆள்கூறு போட்டு அறையைச் சரிசெய்யும் முறை

மீள்குடியேற்றத்துக்குப் பிறகு வன்னியில் எழுந்த வீடுகளில் பல, ஒரே மூச்சில் கட்டி முடித்தவை அல்ல. 2012 ஒக்ரோபரில் தொடங்கிய இந்திய வீட்டுத்திட்டத்தையே எடுங்கள். ஒரு வீட்டுக்கு 550,000 ரூபா, அதுவும் தவணை தவணையாக வந்தது. மேசனைப் பிடித்து வேலை செய்விப்பது வீட்டுக்காரரின் பொறுப்பு. அத்திவாரம் ஒருவர் கை, சுவர் இன்னொருவர் கை, பூச்சு மூன்றாமவர் கை என்று போன வீட்டில், படத்தில் உள்ள அறையும் நிலத்தில் உள்ள அறையும் ஒன்றாக இருப்பது அபூர்வம். கட்டில் கொள்ளாததும் கதவு இடிப்பதும் பெரும்பாலும் அங்கிருந்து தொடங்குகின்றன.

கீழே உங்கள் வீட்டில் உள்ள கோளாறு எதுவோ அந்தத் தலைப்புக்கு நேரே போகலாம். ஒவ்வொன்றிலும் காசு செலவில்லாத காரணம் முதலில், சுவரில் கை வைக்கும் வேலை கடைசியில். ஆனால் எல்லாவற்றுக்கும் பொதுவாக ஒரு படம் வேண்டும். அதை மட்டும் முதலில் கீறிக்கொள்ளுங்கள்.

## எல்லாவற்றுக்கும் முன்: அறையின் படம்

வேண்டியவை: இரும்பு அளவுநாடா (16 அடி இருந்தால் போதும்), வரைபுத்தாள் ஒன்று, பென்சில், போனில் உள்ள கல்குலேற்றர், நாடாவின் மறுமுனையைப் பிடிக்க ஓர் ஆள். தையல் நாடா வேண்டாம், அது இழுபடும்.

வாசலில் நின்று அறைக்குள்ளே பாருங்கள். வாசல் சுவரின் இடக்கைப் பக்க மூலைதான் உற்பத்தி, (0, 0). வாசல் சுவரோடு வலக்கைப் பக்கம் போவது எக்ஸ். வாசலிலிருந்து அறைக்குள்ளே போவது வை. ஒரு புள்ளியின் இந்த இரண்டு தூரத்தையும் (எக்ஸ், வை) என்ற ஒழுங்கில் எழுதுவதுதான் அதன் ஆள்கூறு. எல்லாம் அங்குலத்தில். தாளில் 1 மில்லிமீற்றரை 1 அங்குலமாக வைத்தால் பன்னிரண்டுக்குப் பத்து அறை 144க்கு 120 மில்லிமீற்றராக ஒரே தாளில் அடங்கும், அடிமட்டத்தால் நேரே அளந்து கீறலாம்.

நாலு பக்கச் சுவரையும் தனித்தனியே அளக்கவேண்டும். எதிர்ச்சுவர் இரண்டும் ஒரே அளவுதானே என்று விடக்கூடாது. பிறகு இரண்டு மூலைவிட்டங்களையும் அளக்க வேண்டும். ஆறு அளவு. இந்த ஆறும் இல்லாமல் கீறும் படம் வெறும் ஆசைப்படம்.

இந்தக் கட்டுரை முழுக்க ஒரே அறையை உதாரணமாக எடுக்கிறோம். வாசல் மேற்குச் சுவரில், யன்னல் வடக்குச் சுவரில். அளவுகள்: வாசல் சுவர் 144, எதிரே கிழக்குச் சுவர் 144, வடக்குச் சுவர் 120, தெற்குச் சுவர் 120. தென்மேற்கு மூலையிலிருந்து வடகிழக்கு மூலைக்கு மூலைவிட்டம் 189. மற்ற மூலைவிட்டம் 186.

கதவு 33 அங்குலம். பிணைச்சல் (8, 0) இல், பூட்டும் பக்கம் (41, 0) இல்.

## அறிகுறி 1: படத்தில் கொள்ளுது, அறைக்குள் கொள்ளுதில்லை

### அளவை எழுதிய விதம்

முதலில் பார்க்கவேண்டியது இதைத்தான், ஏனென்றால் இதில்தான் அதிகம் பேர் விழுகிறார்கள். 9 அடி 10 அங்குலத்தை "9.10" என்று எழுதுவது நம் எல்லோருக்கும் கைவந்த பழக்கம். அதைக் கல்குலேற்றரில் அடித்தால் 9.1 அடி, அதாவது 109 அங்குலம். உண்மையான அளவு 118. ஒன்பது அங்குலம் காணாமல் போய்விட்டது. அடியும் புள்ளியும் வரும் எந்த எண்ணையும் அழித்துவிட்டு முழு அங்குலமாக எழுதுங்கள்.

நாடாவின் உடலைச் சுவரோடு ஒட்டவைத்து உள்ளளவு எடுத்திருந்தால் நாடாப் பெட்டியின் அகலத்தையும் கூட்டவேண்டும். பல நாடாக்களில் அது பெட்டியிலேயே அச்சடித்திருக்கும். நுனியில் உள்ள கொளுக்கி ஆடுகிறதே என்று சுத்தியலால் தட்டி இறுக்கிவிடாதீர்கள். உள்ளளவுக்கும் வெளியளவுக்கும் தன் தடிப்பை ஈடுகட்டத்தான் அது ஆடுகிறது.

### பூச்சுக்கு முந்திய அளவு

வரைபடத்தில் 10 அடி என்று இருப்பது பல இடங்களில் சுவரின் நடுக்கோட்டிலிருந்து நடுக்கோடு வரையான அளவு. 6 அங்குலக் கல் என்றால் இரண்டு பக்கமும் 3, 3 குறையும். பூச்சு பக்கத்துக்கு அரை அங்குலம் என்றால் இன்னும் 1. 120 என்று நினைத்த இடத்தில் உண்மையில் கிடைப்பது 113. ஆறுக்கு ஐந்து கட்டிலும் ஒரு அலுமாரியும் மயிரிழையில் கொள்ளும் அறையில் இந்த 7 அங்குலம்தான் எல்லாம். படத்தை நம்பாதீர்கள், பூசிய சுவரில் அளவுங்கள். அடியில் ரைல்ஸ் பட்டி ஒட்டியிருந்தால் அந்தப் பட்டியிலிருந்து அளவுங்கள், கட்டில் கால் அதில்தான் முட்டும்.

### பொருளின் அளவு

"ஆறுக்கு ஐந்து" என்பது மெத்தையின் அளவு, கட்டிலினது அல்ல. தலைப்பலகை, கால்பலகை, பக்கச் சட்டம் எல்லாம் சேர்ந்து 72க்கு 60 என்பது 78க்கு 64 ஆகிவிடும். கடையில் மெத்தை அளவைக் கேட்டுவிட்டு வராமல் வெளிவிளிம்பை நீங்களே அளந்து எழுதுங்கள். ரைல்ஸ் கதையும் இதேதான். "ரெண்டடி ரைல்ஸ்" பெரும்பாலும் 60 சென்ரிமீற்றர், அதாவது 23⅝ அங்குலம். ஆறு ரைல்ஸ் வரிசையில் இரண்டேகால் அங்குலம் வித்தியாசம் வரும்.

மரத் தளபாடமானால் சுவரிலிருந்து 2, 3 அங்குலம் விட்டுத்தான் வைக்கவேண்டும். கறையான் ஏறினால் கண்ணில் படுவதற்கு அந்த இடைவெளி தேவை. ஆகவே மர அலுமாரியின் பின்விளிம்பு 0 இல் தொடங்காது, 3 இல் தொடங்கும்.

### அறையே கோணல்

மேலே உள்ள மூன்றும் சரி, இன்னும் கொள்ளவில்லை என்றால் மூலைவிட்டங்களைப் பாருங்கள். 144க்கு 120 அறை நேர்மூலையாக இருந்தால் இரண்டும் 187½ வரவேண்டும். நம் அறையில் 189, 186. மூன்று அங்குல வித்தியாசம். இது எவ்வளவு கோணல் என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது, கணக்குச் சொல்லும்.

வடகிழக்கு மூலையின் எக்ஸ் இப்படி வரும். வடக்குச் சுவரின் வர்க்கமும் வாசல் சுவரின் வர்க்கமும் கூட்டி, அதிலிருந்து மூலைவிட்டத்தின் வர்க்கத்தைக் கழித்து, வாசல் சுவரின் இரண்டு மடங்கால் பிரியுங்கள்.

(120 × 120 + 144 × 144 − 189 × 189) ÷ 288 = −585 ÷ 288 = −2

தென்கிழக்கு மூலைக்கு: (186 × 186 + 144 × 144 − 120 × 120) ÷ 288 = 142

வை இரண்டுக்கும் 120தான், குறைவது நூலளவு. ஆகவே மூலைகள்: வடமேற்கு (0, 0), தென்மேற்கு (144, 0), தென்கிழக்கு (142, 120), வடகிழக்கு (−2, 120). அறை முழுவதும் இரண்டு அங்குலம் வடக்கே சரிந்து நிற்கிறது.

இதன் பொருள்: முழு நீளத்துக்கும் நம்பக்கூடிய அகலம் 144 அல்ல, 142. வடக்குச் சுவரோடு 36 அங்குல அலுமாரியை அணைத்து, வாசல் சுவருக்கு நேர்மூலையாக வைத்தால் ஒரு முனையில் அரை அங்குலத்துக்குச் சற்றுமேல் ஆப்பு வடிவ இடைவெளி தெரியும். அது அலுமாரியின் பிழை இல்லை. ஆசாரியைக் கூப்பிட்டுச் சண்டை பிடிக்கவேண்டாம்.

செய்யக்கூடியது: அலுமாரியைச் சுவரோடு சரித்து விடுங்கள், அரை அங்குலத்தை யாரும் பார்க்கமாட்டார்கள். ரைல்ஸ் போடுவதற்கு முன்பு கண்டுபிடித்திருந்தால் சுவரோரத்திலிருந்து தொடங்க விடாதீர்கள். எதிர்ச்சுவர்களின் நடுப்புள்ளிகளை நூலால் இணைத்து, அந்த நூலிலிருந்து இருபக்கமும் போடச் சொல்லுங்கள். கோணல் இரண்டு ஓரத்துக்கும் பாதி பாதியாகப் பிரிந்துவிடும். வாசலுக்கு நேரே தெரியும் ஓரத்தில் முழு ரைல்ஸ் வருவதுபோலப் பார்த்துக்கொள்ளுங்கள். வெட்டுத் துண்டு கட்டிலுக்கு அடியில் போகட்டும்.

எப்போது ஆளைக் கூப்பிடுவது: மூலைவிட்ட வித்தியாசம் 6 அங்குலத்துக்கு மேல் போய், கட்டி ஒட்டும் அலுமாரியோ குசினி மேசைத்தட்டோ செய்யப்போகிறீர்கள் என்றால், மரம் அறுப்பதற்கு முன் ஆசாரியை வந்து நேரே அளக்கச் சொல்லுங்கள். உங்கள் படத்தை அவர் கையில் கொடுக்கலாம், ஆனால் வெட்டும் அளவு அவருடையதாக இருக்கட்டும். தடித்த பூச்சுப் பூசிச் சுவரை நேராக்குகிறேன் என்று மேசன் சொன்னால் விடாதீர்கள். இரண்டு அங்குலப் பூச்சு சுவரில் நிற்காது.

## அறிகுறி 2: கதவு முழுதாகத் திறக்குதில்லை

முதல் கேள்வி: எப்போது தொடங்கியது? பதிலைப் பொறுத்துப் பாதை பிரிகிறது.

### புதிதாக ஒரு பொருள் வைத்த பிறகு

கதவு ஒரு கவராயம். முள்ளை பிணைச்சலில் குத்தி, கதவின் அகலத்தை ஆரையாக வைத்துத் தாளில் கால் வட்டம் கீறுங்கள். அந்தக் கால் வட்டத்துக்குள் எந்தப் பொருளின் மூலை விழுந்தாலும் கதவு இடிக்கும்.

நம் அறையில் வடக்குச் சுவரோடு இரும்பு அலுமாரி ஒன்று நிற்கிறது என்று வையுங்கள். அகலம் 36, ஆழம் 19. வை 24 இலிருந்து 60 வரை. அதன் முன்மூலை (19, 24). பிணைச்சல் (8, 0). இடைத்தூரம்: 11இன் வர்க்கமும் 24இன் வர்க்கமும் கூட்டி வர்க்கமூலம் எடுத்தால் 26.4. கதவின் ஆரை 33. ஆகவே இடிக்கும். எவ்வளவு திறக்கும்? ஏறத்தாழ 65 பாகை. அந்த நிலையில் ஆள் போக மிஞ்சுவது 19 அங்குலம். ஆள் பக்கவாட்டில் நுழைவார், நெல் மூட்டை நுழையாது.

அலுமாரியை வை 34 இலிருந்து தொடங்கினால் கைபிடிக்கும் இடம் விட்டுக் கதவு திறந்துவிடும். ஆனால் 34 உம் 36 உம் 70. யன்னல் வை 66 இல் தொடங்குகிறது. நாலு அங்குலம் யன்னலை மறைக்கும். நீளம் மட்டும் எழுதிய துண்டில் இந்த மோதல் தெரியாது. எங்கிருந்து எங்கே என்று எழுதினால்தான் தெரியும். இந்த அறையில் அலுமாரிக்குச் சரியான இடம் வாசல் சுவரின் தெற்கு முனை: (106, 0) இலிருந்து (142, 19) வரை.

அலுமாரிக்கும் கதவு உண்டு, அதற்கும் வட்டம் உண்டு. இரட்டைக் கதவு என்றால் ஒவ்வொன்றும் 18. முன்முகம் வை 19 இல், திறந்தால் 37 வரை வரும். அதற்கு முன்னால் ஆள் நிற்க 24 அங்குலமாவது வேண்டும்.

### இந்த மாரியிலிருந்து

ஒக்ரோபர் தொடங்கி மழை பிடித்ததும் மரக்கதவு ஊதும். நன்றாகக் காயாத மரம் என்றால் சொல்லவே வேண்டாம். முதலில் பிணைச்சல் ஆணிகளை இறுக்கிப் பாருங்கள், கதவு தொங்கித்தான் அடியில் உரசக்கூடும். பிறகு நிலைக்கும் கதவுக்கும் இடையே ஒரு தடித்த கார்ட்போட் துண்டை மேலிருந்து கீழே இழுத்து, எங்கே இறுகுகிறது என்று பென்சிலால் அடையாளமிடுங்கள். சீவுவதென்றால் மாசி, பங்குனியில் காய்ந்த பிறகு. மழைக்குள் சீவினால் வெயிலில் அந்தப் பக்கம் விரலிடை திறந்து நிற்கும்.

### இரண்டும் இல்லை, மெல்ல மெல்ல வந்தது

இப்போது நிலையின் மூலைவிட்டங்களை அளவுங்கள், மேல் இடது மூலையிலிருந்து கீழ் வலது, மேல் வலதிலிருந்து கீழ் இடது. இரண்டையும் திகதியோடு நிலையிலேயே எழுதி வையுங்கள். ஒரு மாதம் கழித்துத் திரும்ப அளவுங்கள். வித்தியாசம் அதேதான் என்றால் நிலை வைக்கும்போதே கோணல், ஆசாரி சீவிச் சரிசெய்வார். வித்தியாசம் கூடிக்கொண்டு போனால் சுவர் அசைகிறது. முருங்கன் பக்கத்துக் கரும்களி மண் மழையில் உப்பி, வெயிலில் பாளம் பாளமாக வெடிக்கும். அத்தகைய நிலத்தில் ஆழம் போதாத அத்திவாரம் ஒவ்வொரு வருடமும் ஏறி இறங்கும்.

நிலையின் மேல்மூலையிலிருந்து சுவரில் சரிவாக வெடிப்பு ஓடுகிறதா? வெடிப்பின் நுனியில் ஒரு குறுக்குக் கோடு போட்டுத் திகதி எழுதுங்கள். அடுத்த மாதம் வெடிப்பு கோட்டைத் தாண்டியிருந்தால் ஆசாரியோ மேசனோ போதாது. கட்டடப் பொறியியலாளரையோ பிரதேச சபையின் தொழில்நுட்ப உத்தியோகத்தரையோ அணுகுங்கள். வெடிப்பைப் பூசி மறைத்துவிட்டுக் காட்டினால் அவருக்கும் ஒன்றும் தெரியாது.

## அறிகுறி 3: அறைக்குள் இடமிருக்கு, கொண்டுபோக முடியுதில்லை

வாசலின் அகலம் நிலைக்கு நிலை அளந்த அளவு அல்ல. கதவை நேராகத் திறந்து வைத்தாலும் அதன் தடிப்பு ஒன்றரை, இரண்டு அங்குலத்தை விழுங்கும். பிணைச்சலில் கதவைக் கழற்றினாலே பல செற்றிகள் போய்விடுகின்றன. ஆணி ஆறு, வேலை கால் மணித்தியாலம். இதைச் செய்யாமல் யன்னல் கம்பி அறுக்க யோசிப்பவர்கள் உண்டு.

ஒடுக்கமான நடைபாதை ஒன்று ட எழுத்துப்போல முடங்குகிறது, இருபக்கமும் 36 அங்குலம் என்றால் நீளமான பொருள் திரும்புமா? இப்படிப் பாருங்கள்: 36 ஐ 1.414 ஆல் பெருக்கினால் 50.9. அதிலிருந்து பொருளின் ஆழத்தைக் கழித்து, வருவதை இரண்டால் பெருக்குங்கள். கிடைப்பதுதான் திரும்பக்கூடிய அதிகபட்ச நீளம்.

ஆழம் 30 உள்ள செற்றி: (50.9 − 30) × 2 = ஏறத்தாழ 42. மூவர் செற்றி 72 நீளம். படுக்கையாகத் திரும்பாது, எத்தனை பேர் பிடித்தாலும் திரும்பாது. நிமிர்த்துங்கள். நிமிர்த்தினால் நிலத்தில் அது 30க்கு 32 செவ்வகம்தான், உயரம் 72, நிலையின் உயரத்துக்குள் அடங்கும். ஆழம் 19 உள்ள அலுமாரி: (50.9 − 19) × 2 = கிட்டத்தட்ட 64. 78 அங்குல அலுமாரி படுக்கையாக வராது, அதுவும் நின்றபடிதான் வரவேண்டும். இரு பக்கப் பாதையும் வெவ்வேறு அகலம் என்றால் இந்தக் கணக்கு ஒத்துவராது. அப்போது பாதையைத் தாளில் கீறி, பொருளை அதே அளவில் மட்டையில் வெட்டி, விரலால் திருப்பிப் பாருங்கள்.

### உள்ளே வந்துவிட்டது, நிமிர்த்த முடியவில்லை

பத்தி இறக்கிய அறைகளில் இது வரும். 78 உயரம், 19 ஆழமுள்ள அலுமாரியை முன்பின்னாகச் சாய்த்து நிமிர்த்தும்போது அதன் மேல்மூலை 80.3 வரை எழும். பக்கவாட்டில் சாய்த்து நிமிர்த்தினால் 36 அகலமும் கணக்கில் சேர்ந்து 86 வரை எழும். தாழ்வான சுவரடியில் கூரை 79 என்றால், அலுமாரி அங்கே நிற்கும், ஆனால் அங்கே எழும்பாது. கூரை அடிக்கு 3 அங்குலம் ஏறுகிறது என்றால் சுவரிலிருந்து 3 அடி தள்ளி உயரம் 88. அங்கே நிமிர்த்திவிட்டுச் சுவரடிக்குத் தள்ளுங்கள். கூரைச் சீற்றில் முட்டி உடைத்துவிட்டு அலுமாரியைக் குறைசொல்லவேண்டாம்.

இதற்குமேலும் போகாவிட்டால் ஆசாரி. முளை வைத்துப் பொருத்திய பழைய முதிரை, பாலை அலுமாரிகளை அவரே பிரித்துப் பூட்டட்டும். நீங்கள் தட்டிப் பிரித்தால் முளை முறியும்.

## அறிகுறி 4: ஃபான் சுத்துது, கட்டிலுக்குக் காற்று வருகுதில்லை

ஃபான் பெரும்பாலும் அறையின் நடுவில் தொங்கும். நாலு மூலைகளின் எக்ஸையும் கூட்டி நாலால் பிரித்தால் 71. வையும் அப்படியே 60. ஃபான் (71, 60).

கட்டில் தெற்குச் சுவரில் தலைமாட்டோடு, எக்ஸ் 64 இலிருந்து 142, வை 56 இலிருந்து 120 என்று கிடக்கிறது. தலையணை ஏறத்தாழ (130, 88) இல். ஃபானிலிருந்து 65 அங்குலம். 56 அங்குல ஃபானின் இறகு எட்டுவது 28 அங்குலம் மட்டும். காற்று காலில் விழும், முகத்தில் விழாது.

ஃபானை மாற்றுவதற்கு முன் கட்டிலைத் திருப்புங்கள். தலைமாடு கிழக்குச் சுவரில், எக்ஸ் 39 இலிருந்து 103, வை 42 இலிருந்து 120. கட்டிலின் நடு (71, 81), ஃபானிலிருந்து 21 அங்குலம். வடக்குச் சுவரை நாம் கணக்கிலேயே எடுக்கவில்லை. வாராத வாழ்வு வந்தாலும் வடக்கே தலை வைக்காதே என்ற வீட்டில் அதுவும் ஓர் அளவுதான், படத்தில் அந்தச் சுவரில் முதலிலேயே ஒரு புள்ளடி போட்டுவிடுங்கள்.

கட்டிலை எங்கும் திருப்ப முடியாவிட்டால்தான் ஃபானை நகர்த்துவது. கூரை மரம் தாங்குமா என்று பார்த்து மின் வேலை தெரிந்தவர் செய்யவேண்டிய வேலை அது. இறகு நிலத்திலிருந்து 84 அங்குலத்துக்குக் கீழே வரக்கூடாது. அடுக்குக் கட்டில் உள்ள அறையில் மேல்தட்டுப் பிள்ளை எழும்பி இருந்து கையை நீட்டினாலும் இறகுக்கு எட்டாத தூரம் வேண்டும்.

## அறிகுறி 5: மாரியில் யன்னலோரம் கட்டில் நனையுது

வாடைக் காற்றோடு வரும் மழை வடக்கு, கிழக்கு யன்னல்களால் உள்ளே அடிக்கும். சோளகத்தில் ஒன்றும் இல்லாத அறை மார்கழியில் ஊறுவது அதனால்தான். யன்னலைச் சாத்தலாம் என்பது தெரிந்த விடை. சாத்தாமல் படுக்கவேண்டுமென்றால் எவ்வளவு தள்ளவேண்டும் என்பதுதான் கேள்வி.

சுவரைப் பக்கவாட்டில் வெட்டிப் பார்ப்பதுபோல இன்னொரு படம். குறுக்கே சுவரிலிருந்து தூரம், மேலே உயரம். யன்னலுக்கு மேலுள்ள கொங்கிறீற்றுத் தட்டு 84 உயரத்தில் 18 அங்குலம் வெளியே நீட்டியிருக்கிறது. காற்று பலமாக அடிக்கும்போது மழை 45 பாகையில் சரிகிறது என்று வையுங்கள். தட்டின் நுனியை உரசிக்கொண்டு வரும் துளி 18 அங்குலம் உள்ளே வருவதற்குள் 18 அங்குலம் இறங்கி, சுவரை 66 உயரத்தில் தொடும். யன்னலின் அடிமட்டம் 36. ஆகவே அந்தத் துளி உள்ளே நுழைந்துவிடும். கட்டிலின் மெத்தை 18 உயரத்தில். 66 இலிருந்து 18க்கு இறங்க 48. அதே 48 உள்ளேயும் வரும்.

யன்னலிலிருந்து 48 அங்குலத்துக்குள் எது கிடந்தாலும் நனையும். நம் கட்டில் எக்ஸ் 39 இல் தொடங்குகிறது. ஒன்பது அங்குலம் நனைகிறது.

செலவில்லாத வழி, கட்டிலை ஒன்பது அங்குலம் தெற்கே தள்ளுவது: எக்ஸ் 48 இலிருந்து 112. ஃபானுக்குத் தூரம் 21 இலிருந்து 23 ஆகும், அது ஒன்றுமில்லை. அலுமாரி 106 இல் தொடங்குவதால் ஒரு கதவு கட்டிலின் கால்மாட்டைப் பார்த்துத் திறக்கும். திறந்த கதவு வை 37 இல் நிற்கும், கட்டில் 42 இல் தொடங்கும். ஐந்து அங்குலம் மிச்சம், இடிக்காது. ஆள் நிற்க கட்டிலுக்கும் தெற்குச் சுவருக்கும் நடுவில் 30 அங்குலம் இருக்கிறது.

கட்டிலை அசைக்க இடமில்லை என்றால் தட்டை 27 வரை நீட்டினால் அதே பலன். தகரத்தால் நீட்டுவது உள்ளூர் இரும்பு வேலைக்காரர் செய்வார். கொங்கிறீற்றுத் தட்டை உடைத்து நீட்டுவது அவர் வேலை இல்லை, கம்பி கட்டத் தெரிந்த மேசனோடு தொழில்நுட்ப உத்தியோகத்தரும் பார்த்துச் சொல்லவேண்டும்.

## அறிகுறி 6: பிளக் அலுமாரிக்குப் பின்னால் போய்விட்டது

சுவருக்கும் தனி ஆள்கூறு எழுதாததன் விளைவு. ஒவ்வொரு பிளக்கும் சுவிச்சும் மூலையிலிருந்து எவ்வளவு, நிலத்திலிருந்து எவ்வளவு என்று சுவர்ப்படத்தில் குறித்துவிட்டு அலுமாரியின் நிழலை அதன்மேல் கீறுங்கள். வயறிங் இன்னும் போடவில்லை என்றால் அந்தப் படத்தை மின் வேலைக்காரர் கையில் கொடுங்கள். போட்டு முடிந்துவிட்டது என்றால் பொருளை நகர்த்துங்கள். எக்ஸ்ரென்சன் வயரை அலுமாரிக்குப் பின்னால் நெருக்கி ஓட்டி, அதில் ஐயன் பெட்டியும் கேத்திலும் போடுவது வேண்டாம். வயர் சூடாகும், பின்னால் நடப்பது தெரியாது.

## அறிகுறி 7: இன்னும் கட்டவில்லை, நூல் பிடிக்கும்போதே மூலை சரிவருகுதில்லை

இந்த இடத்தில் பிடித்தால் செலவு கட்டையும் நூலும்தான்.

நூல் தொய்ந்திருக்கிறதா, கட்டை ஆடுகிறதா, நிலம் சரிவா என்று முதலில் பாருங்கள். சரிவான காணியில் நாடாவை நிலத்தோடு இழுத்தால் அளவு கூடிக் காட்டும். தண்ணீர்க் குழாயால் மட்டம் பார்த்து, நூலை ஒரே மட்டத்தில் கட்டிவிட்டு அளக்கவேண்டும்.

பிறகு முக்கோணத்தின் அளவு. மூன்று, நாலு, ஐந்து அடி எல்லா மேசன்மாருக்கும் தெரியும். பிழை அதில் இல்லை, சின்னதாகப் போடுவதில் இருக்கிறது. ஐந்தடிப் பக்கத்தில் அரை அங்குலம் தவறினால், நாலடிப் பக்கத்தின் முனை 0.83 அங்குலம் விலகும். அந்தக் கோட்டையே 24 அடிக்கு நீட்டினால் 5 அங்குலம். அதே அரை அங்குலப் பிழை 12, 16, 20 அடி முக்கோணத்தில் நடந்தால் 24 அடியில் ஒன்றேகால் அங்குலம்தான். நாடா இடங்கொடுக்கும் அளவுக்குப் பெரிய முக்கோணமாகப் போடச் சொல்லுங்கள்.

கடைசியில் வீட்டின் நாலு வெளிமூலைகளுக்கும் மூலைவிட்டம். 24க்கு 20 அடி வீடு என்றால் இரண்டும் 31 அடி 2⅞ அங்குலம் வரவேண்டும். அரை அங்குல வித்தியாசம் வந்தால் விடலாம். அதற்குமேல் என்றால் ஒரு கட்டையை மட்டும் நகர்த்திச் சரிக்கட்டாதீர்கள். முதலில் நாலு பக்க நீளத்தையும் திரும்ப அளந்து, எந்தப் பக்கம் பிசகியது என்று பாருங்கள்.

அத்திவாரம் போட்டு முடிந்த பிறகுதான் தெரிந்தது என்றால், முதல் வரிக் கல் வைப்பதற்கு முன் வேலையை ஒரு நாள் நிறுத்துங்கள். அத்திவாரம் சுவரைவிட அகலமாக இருக்கும் இடத்தில் மேலே வரும் சுவரைச் சற்று உள்ளேயோ வெளியேயோ எடுத்து நேர்மூலை கொண்டுவரலாம். எவ்வளவு எடுக்கலாம் என்பது மேசனும் நீங்களும் தீர்மானிக்கும் விஷயம் அல்ல. தொழில்நுட்ப உத்தியோகத்தர் வந்து பார்க்கட்டும். ஆறு அளவையும் எழுதிய தாளை அவர் வரும்போது கையில் வைத்திருங்கள், நூலையும் அவிழ்க்காமல் விடுங்கள்.